பழைய கணினியில் ஓஎஸ் ஏற மறுக்கிறதா? அறிகுறியை வைத்து டிஸ்க் கோளாறைப் பிடிப்பது எப்படி

கணினி ஊர்கிறது, திறந்த ஃபோல்டர் அப்படியே உறைந்து நிற்கிறது, அவ்வப்போது நீலத்திரை வருகிறது. இப்படி யாரிடம் சொன்னாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போட்டுடு, சரியாயிடும்." கோளாறு மென்பொருளில் இருந்தால் சரியாகும்தான். ஆனால் பல வருடம் ஓடிய கணினியில், உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்போது, சந்தேகம் முதலில் டிஸ்க் மேல்தான் விழ வேண்டும். நலிந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடுவதில் இரண்டு ஆபத்து. ஒன்று, ஃபார்மட் அடித்த கையோடு மீட்டிருக்கக்கூடிய கோப்புகளும் போய்விடும். இரண்டு, நிறுவல் என்பது பல ஜிபி தரவைத் தொடர்ந்து எழுதும் வேலை. அந்தச் சுமையிலேயே டிஸ்க் மொத்தமாகப் படுத்துவிடலாம்.

அதனால் வரிசையை மாற்றக் கூடாது: முதலில் தரவு, அடுத்து டிஸ்க் சோதனை, கடைசியில்தான் ஓஎஸ். கீழே ஒவ்வொரு அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அது எதைக் காட்டுகிறது, அடுத்து என்ன செய்வது என்று எழுதியிருக்கிறேன். உங்கள் கணினியில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கை வைக்கும் முன்

வேறு நல்ல கணினியில் ஒரு பென் டிரைவில் லைவ் லினக்ஸ் தயார் செய்துகொள்ளுங்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு எதுவானாலும் சரி. நிறுவ வேண்டாம், பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டால் போதும். இதன் அருமை என்னவென்றால், கோளாறான டிஸ்க்கைத் தொடாமலே கணினி எழுந்து நிற்கும். லைவ் லினக்ஸ் எந்தத் தடங்கலும் இல்லாமல் ஓடி, விண்டோஸ் மட்டும் உறைகிறது என்றால், மதர்போர்டும் ரேமும் ஓரளவு நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். லைவ் லினக்ஸே தடுமாறினால் டிஸ்க்கைப் பழிப்பதற்கு முன் ரேமைப் பாருங்கள்.

கூடவே, கோப்புகளை எடுத்து வைக்க ஒரு வெளி டிஸ்க் வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் (ஓஎஸுக்கு முன் கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றினாலே அது கேட்கக்கூடும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் கட்டாயம் கேட்கும். சாவி இல்லையென்றால் தரவு இல்லை.

லைசென்ஸ் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். விண்டோஸ் 7 காலத்துக் கணினியில் சாவி பெட்டியின் மேலோ மடிக்கணினியின் அடியிலோ ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். எழுத்து அழிவதற்குள் படமெடுத்து வையுங்கள். விண்டோஸ் 8 முதல் பெரும்பாலான பிராண்டட் கணினிகளில் சாவி மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசென்ஸும் முக்கியமாக மதர்போர்டைத்தான் ஒட்டி நிற்கிறது. டிஸ்க்கை மாற்றுவதால் மட்டும் லைசென்ஸ் போகாது.

அறிகுறி: டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று சத்தம்

சீரான இடைவெளியில் ஒரே மாதிரி தட்டும் சத்தம் கேட்டால், கணினியை அணைத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் படிப்புமுனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் தட்டின் மேற்பரப்பு இன்னும் கெடலாம். இந்த டிஸ்க்கில் எந்த மென்பொருளும் ஓட்டாதீர்கள். அதில் இருப்பது உங்களுக்கு அவ்வளவு முக்கியமென்றால் தரவு மீட்பு நிபுணரிடம் அப்படியே கொண்டுபோங்கள். முக்கியமில்லை என்றால் டிஸ்க்கை ஓரமாக வைத்துவிட்டு வேறு டிஸ்க் மாட்டுங்கள். ஃப்ரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது போன்ற கைவைத்தியம் எதுவும் வேண்டாம். ஈரமும் அதிர்வும் மிச்சமிருக்கும் வாய்ப்பையும் கெடுக்கும்.

அறிகுறி: பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது

பயாஸில் தெரியாத டிஸ்க்கை எந்த ஓஎஸ் நிறுவியாலும் பார்க்க முடியாது. ஆகவே பென் டிரைவை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மேசைக் கணினி என்றால் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் இரு முனையையும் கழற்றி மாட்டுங்கள். முடிந்தால் வேறு கேபிள், மதர்போர்டில் வேறு போர்ட், பவர் சப்ளையிலிருந்து வரும் வேறு இணைப்பான் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் குற்றவாளி யார் என்று தெரியாமலே போகும். பழைய சாட்டா கேபிளில் பூட்டுக் கொக்கி இருக்காது. விசிறியின் அதிர்விலேயே நாளடைவில் தளர்ந்து, பார்வைக்கு மாட்டியபடியே இருந்தாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும். மடிக்கணினியில் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் மெல்லிய தட்டைக் கேபிள் இருந்தால் அதையும் கழற்றி மாட்டுங்கள்.

இன்னும் பழைய ஐடிஇ டிஸ்க் (சாட்டாவுக்கு முந்தைய, பட்டைக் கேபிள் வகை) என்றால், பின்பக்கத்து ஜம்பர் (சிறு இணைப்புத் துண்டு) மாஸ்டரா ஸ்லேவா என்று பாருங்கள். ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு டிஸ்க் மாஸ்டராக இருந்தால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

கணினியை அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதிதானே என்று விடாதீர்கள். பேட்டரி தீர்ந்தால் பூட் வரிசையும் சாட்டா முறையும் (மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் விதம்)கூட ஆலை அமைப்புக்குத் திரும்பிவிடும். நேற்று பூட் ஆன விண்டோஸ் இன்று நீலத்திரையில் போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்க்கில் கை வைக்கும் முன் இந்தச் சிறு பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: டிஸ்க் தெரிகிறது, ஆனால் ஃபோல்டர் திறக்கவே நிமிடக்கணக்காகிறது

இங்கேதான் பொறுமையாகப் பார்க்க வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அந்தக் குறிப்புக்கு ஸ்மார்ட் என்று பெயர். லைவ் உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்ற கருவியிலும், விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவிலும் அதைப் படிக்கலாம்.

பச்சை நிறத்தில் 'நலம்' என்று மேலே வரும் ஒற்றை வார்த்தையை நம்பாதீர்கள். உள்ளே போய் எண்களைப் பாருங்கள். 5 என்ற வரிசை எண், கெட்டுப்போன செக்டர்களுக்கு (தரவு எழுதப்படும் சிறு துண்டுகள்) பதிலாக எத்தனை மாற்று செக்டர்கள் ஒதுக்கப்பட்டன என்று சொல்லும். 197, படிக்க முடியாமல் இன்னும் முடிவு செய்யப்படாத செக்டர்கள். 198, சோதித்துப் பார்த்தும் திருத்த முடியாதவை. 187, டிஸ்க் கைவிரித்த தருணங்கள். இவற்றோடு 188-ஐயும் (டிஸ்க் நேரத்துக்குப் பதில் தராத கட்டளைகள்) சேர்த்து ஐந்தையும் பேக்பிளேஸ் என்ற சேமிப்பு நிறுவனம் தன் டிஸ்க்குகளில் கவனித்து வருகிறது. அது 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, செயலிழந்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இவற்றில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தது. நல்லபடி ஓடிக்கொண்டிருந்தவற்றில் 4.2 சதவீதத்தில்தான் அப்படி. இன்னொரு பக்கமும் இந்தக் கணக்கில் இருக்கிறது: செயலிழந்தவற்றில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு டிஸ்க் எந்த முன்னறிவிப்பும் தராமல் போயிருக்கிறது. எண்கள் எல்லாம் பூஜ்யம் என்பதற்காக பேக்கப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மூல மதிப்பை முதலில் பதினாறடிமான எண்ணாகக் காட்டும்; அங்கே 10 என்று தெரிந்தால் உண்மையில் 16. அமைப்பில் போய்ச் சாதாரண எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து, 1, 7 ஆகிய வரிசைகளில் சில டிஸ்க்குகள் கோடிக்கணக்கில் எண் காட்டும். அந்தத் தயாரிப்பாளர் பல தகவலை ஒரே எண்ணில் அடைத்து வைப்பதால் வருவது அது, பதறத் தேவையில்லை.

199 என்ற வரிசை தனிக்கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு போகும்போது சிதைந்த தடவைகளை அது எண்ணுகிறது. 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, அப்படியே நிற்கும். புதுக் கேபிள் போட்ட பிறகு அது மேலும் ஏறவில்லை என்றால் கோளாறு தீர்ந்தது. நல்ல டிஸ்க் குப்பைக்குப் போவதும், அதே கேபிளில் புது டிஸ்க்கை மாட்டி அதுவும் தகராறு செய்வதும் இந்த ஒரு எண்ணைப் பார்க்காததால்தான் நடக்கிறது.

197 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால், வேறெதுவும் செய்வதற்கு முன் தரவை எடுங்கள். விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லிப் பலரும் அறிவுரை தருவார்கள். கெட்ட செக்டரைத் தேடும் முழுச் சோதனையை நலிந்த டிஸ்க்கில் ஓட்டினால், அது டிஸ்க்கின் ஒவ்வொரு மூலைக்கும் போய் மல்லுக்கட்டும். போதாததற்குக் கோப்பு முறைமையையும் திருத்தி எழுதும். பேக்கப் எடுத்த பிறகு வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளலாம்.

கோப்புகள் நேரடியாக நகலானால் நல்லது. மிக முக்கியமானதை முதலில் எடுங்கள்: ஆவணங்கள், படங்கள், பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள். நகலெடுப்பது அடிக்கடி நின்றால், லைவ் லினக்ஸில் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூவைப் பயன்படுத்துங்கள். அது முதலில் எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, சிக்கலான இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். எதுவரை எடுத்தது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்தக் கோப்பைப் பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ வையுங்கள்; லைவ் லினக்ஸின் நினைவகத்தில் வைத்தால் அணைத்ததும் மறைந்துவிடும். கட்டளையில் மூல டிஸ்க் முதலில், சேருமிடம் அடுத்து. இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் நல்ல டிஸ்க் கெட்டதன் மேல் எழுதப்படும். என்டர் தட்டுவதற்கு முன் டிஸ்க்கின் அளவையும் மாடலையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அறிகுறி: நிறுவல் பாதியில் நின்றுவிடுகிறது

இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்திலா?

ஒரே சதவீதத்தில் நின்றால், படிக்கும் இடத்திலோ எழுதும் இடத்திலோ ஒரு நிலையான கோளாறு. பென் டிரைவில் உள்ள ஐஎஸ்ஓ (ஓஎஸ் நிறுவல் கோப்பு) அரைகுறையாக இறங்கியிருக்கலாம். அல்லது டிஸ்க்கின் அந்தப் பகுதியில் பேட் செக்டர். முதலில் ஐஎஸ்ஓவின் ஷா-256 மதிப்பை (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் குறியீடு) தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் வேறு பென் டிரைவில் எழுதிப் பாருங்கள். விண்டோஸ் நிறுவியில் 80070570 என்ற எண் வந்தால், கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை என்று பொருள். அதுவும் இதே சோதனைக்குத்தான் அழைத்துப் போகும்.

ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில், வேறு பிழையோடு நின்றால் ரேம், சூடு, பவர் சப்ளை, கேபிள் ஆகியவற்றில்தான் சந்தேகம். கெட்ட ரேம் டிஸ்க் கோளாறு போலவே நடிக்கும்: சரியாகப் படித்த கோப்பை நினைவகத்தில் சிதைத்துவிட்டு, கோப்பு கெட்டது என்று நிறுவி புகார் சொல்லும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒன்றைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்ப முடியாது. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதியுங்கள். தங்க நிற முனைகளைத் துடைத்து மீண்டும் அழுத்தி மாட்டினாலே சரியாவதும் உண்டு.

நிறுவியில் இருக்கும் 'ஃபார்மட்' பொத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது விரைவு ஃபார்மட். அட்டவணையை மட்டும் புதிதாக எழுதிவிட்டுச் சில நொடிகளில் முடிந்துவிடும். அது வெற்றிகரமாக முடிந்தது என்பது டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றே அல்ல. டிஸ்க்கை உண்மையாகச் சோதிக்க வேண்டுமென்றால் முழுவதும் பூஜ்யம் எழுதிப் பார்க்க வேண்டும். விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபார்மட் இதைச் செய்கிறது. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி டிஸ்க்குக்கு ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம் ஆகும்; பழைய டிஸ்க்குக்கு இன்னும் கூடுதலாகும்.

எழுதி முடித்ததும் ஸ்மார்ட் எண்களை மீண்டும் பாருங்கள். 197 பூஜ்யமாகி, 5 ஏறாமல் இருந்தால் அந்தச் செக்டர்களில் தரவுதான் அரைகுறையாக இருந்திருக்கிறது, பரப்பு கெடவில்லை. டிஸ்க்கை இரண்டாம்பட்ச வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். 5 ஏறியிருந்து, இன்னொரு முறை எழுதும்போது மேலும் ஏறினால் அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடாதீர்கள். கெட்ட பகுதியைத் தவிர்த்துப் பார்ட்டிஷன் போட்டால் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். கெடுதல் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

அறிகுறி: "இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது"

டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். இது பெரும்பாலும் பொருத்தமின்மை. பென் டிரைவ் யுஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பின் வந்த புதிய முறை) வழியாகப் பூட் ஆகியிருந்தால் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி வகையாக இருக்க வேண்டும். பழைய பயாஸ் முறை என்றால் எம்பிஆர் என்ற பழைய வகை. பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இரண்டு பெயரில் தெரியும்; பெயருக்கு முன் யுஇஎஃப்ஐ என்று இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். டிஸ்க்கின் வகையை மாற்றாமல், பூட் செய்யும் முறையை மாற்றினாலே பல நேரம் போதும். டிஸ்க் 2 டிபிக்கு மேல் என்றால் எம்பிஆரால் முழு இடத்தையும் பயன்படுத்த முடியாது.

80300024 என்ற எண் வந்தால், நிறுவப்போகும் டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்குகளையும் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். பிழை வராவிட்டாலும் இதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. இரண்டு டிஸ்க் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் ஒன்றில் ஏறி, பூட் கோப்புகள் மற்றொன்றில் போய் உட்கார்ந்துவிடும். பின்னாளில் அந்தப் பழைய டிஸ்க்கைக் கழற்றினால் புதியதும் பூட் ஆகாது.

நிறுவியில் டிஸ்க்கே காட்டப்படாமல், பயாஸில் மட்டும் தெரிந்தால் சாட்டா முறை ரெய்டில் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஓட்டும் முறை) இருக்கிறதா என்று பார்த்து, வழக்கமான முறையான ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருந்தால் இந்த மாற்றத்தால் அது நீலத்திரையில் நிற்கும். புதிதாக நிறுவும்போது மாற்றுவதில் பிரச்சினை இல்லை. விண்டோஸ் 7 நிறுவி டிரைவர் கேட்டு அடம்பிடித்தால் பென் டிரைவை நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டிலிருந்து எடுத்து யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகுங்கள். யுஎஸ்பி 3.0-க்கான டிரைவர் அந்த நிறுவியில் இல்லை.

அறிகுறி: நிறுவல் முடிந்தது, ஆனால் பூட் ஆகவில்லை

முதலில் பென் டிரைவைப் பிடுங்குங்கள். திரும்பத் திரும்ப நிறுவியே வந்து நிற்பதற்குக் காரணம் அதுதான். பிறகு பயாஸில் பூட் வரிசையையும், நிறுவும்போது இருந்த அதே முறை இப்போதும் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இவை சரியாக இருந்தும், டிஸ்க்கைப் படிப்பதில் பிழை என்று கறுப்புத் திரையில் ஒற்றை வரி வந்தால், மீண்டும் ஸ்மார்ட் எண்களுக்கே திரும்புங்கள். டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியில் கெட்ட செக்டர் இருந்தால் பூட் கோப்புகளை எத்தனை முறை சரிசெய்தாலும் நிலைக்காது.

அறிகுறி: ஏறிவிட்டது, ஆனால் டிஸ்க் பயன்பாடு எப்போதும் 100 சதவீதம்

புதிதாக விண்டோஸ் போட்ட முதல் சில மணி நேரம் அப்டேட்டும் தேடல் அட்டவணையும் டிஸ்க்கைப் பிழிந்தெடுக்கும், அது இயல்பு. அடுத்த நாளும் அப்படியே இருந்தால் விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்து 'சிஸ்டம்' பதிவில் 'டிஸ்க்' மூலத்தைப் பாருங்கள். 7 என்ற எண் பேட் பிளாக். 153, ஒரு வேலையை மீண்டும் முயல வேண்டியிருந்தது என்பது. வேறு மூலத்திலிருந்து வரும் 129, டிஸ்க் பதில் சொல்லாமல் மீட்டமைக்கப்பட்டது என்பது. இவை அடிக்கடி வந்தால் மென்பொருளைக் குடைவதில் பயனில்லை. எதுவும் வரவில்லை, ஸ்மார்ட்டும் சுத்தம் என்றால் டிஸ்க் நலமாகத்தான் இருக்கிறது. அதன் வேகம் இன்றைய ஓஎஸுக்குப் போதவில்லை, அவ்வளவே.

இரண்டு நிலைக்கும் மருந்து ஒன்றுதான்: சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்). பழைய மதர்போர்டின் சாட்டா 2 இணைப்பு நொடிக்கு 300 எம்பிக்கு மேல் போகாது. ஆனாலும் சிறு சிறு கோப்புகளைத் தேடிப் படிப்பதில்தான் எஸ்எஸ்டியின் பலம் இருப்பதால் வித்தியாசம் முதல் பூட்டிலேயே தெரியும். மடிக்கணினிக்கு வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். 9.5 மிமீ இடத்தில் 7 மிமீ எஸ்எஸ்டியை மாட்டலாம், ஆடாமலிருக்க ஒரு சட்டம் வைத்தால் போதும்.

எந்த ஓஎஸ் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் கேட்கிறது. பத்து வருடக் கணினியில் பெரும்பாலும் முதல் நிபந்தனையிலேயே தட்டிவிடும். அந்தக் கணினிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைத்தான் நான் சொல்வேன். 2 ஜிபி ரேமிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. புராசஸர் 32 பிட் என்றால் தெரிவு சுருங்கிவிடும்: உபுண்டு அதை எப்போதோ கைவிட்டது, டெபியனும் 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட் பிசிக்கு நிறுவி தருவதில்லை.

கழற்றிய பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். புதிய நிறுவலில் சில வாரம் வேலை செய்து, எந்தக் கோப்பும் விடுபடவில்லை என்று தெரிந்த பிறகு முழுவதும் பூஜ்யம் எழுதுங்கள். எழுத முடியாத அளவுக்குக் கெட்டிருந்தால், மின்கழிவு சேகரிப்பில் கொடுப்பதற்கு முன் உள்ளே இருக்கும் தட்டில் துளையிட்டுவிடுங்கள். மடிக்கணினி டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியாலானது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, டிஸ்க்கின் மூடியைத் திறக்காமல் செய்யுங்கள்.